மீந்துபோன நான்கு ஸ்க்ரூக்கள்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
திங்கட்கிழமை காலை

அன்பும் மரியாதையும் நிறைந்த கில்பர்ட் மச்சானுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் உங்கள் தங்கை ஜோசஃபினும் இங்கே நலம். அத்திபெலேயில் நீங்களும் ஆஞ்சலா அக்காவும் கல்யாணப் பெண் லவினாவும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். எங்கள் வாஷிங் மெஷினும் நலம். இந்தக் கடிதத்தின் விஷயமே அதுதான்.

போன வாரம் நீங்கள் ஜோசஃபினுக்குப் போன் செய்து, ஃப்ரிட்ஜில் கூலிங் நின்றுவிட்டது, வருகிற ஞாயிறு லவினாவின் நிச்சயதார்த்தத்துக்கு நாற்பது பேர் வருகிறார்கள், நல்ல மெக்கானிக் யாரையாவது தெரியுமா என்று கேட்டீர்களாம். தெரியும். வேறு யாரையும் கூப்பிட வேண்டாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜோசஃபினுடனும் என் டூல்ஸ் பெட்டியுடனும் நானே வருகிறேன். இதைப் போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரிப்பு அடங்கும்வரை நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இப்போது சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

என் முன்வரலாறு உங்களுக்குத் தெரியும் என்பதால் மறைக்கப்போவதில்லை. ஜனவரியில் மிக்ஸியைச் சரிசெய்தேன். அது இன்றும் ஓடுகிறது, ஒரே வேகத்தில், மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க ஒரு ஆள் இருந்தால். அயர்ன் பாக்ஸைச் சரிசெய்தேன், இப்போது அடிப்பாகத்தைவிடக் கைப்பிடி நன்றாகச் சுடுகிறது. ஹால் ஃபேன் முன்பு கீழே காற்று கொடுத்தது, நான் கை வைத்த பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றி மேல்கூரைக்குக் கொடுக்கிறது. ஆனால் மச்சான், முப்பத்தாறு வருஷம் நிருபராக இருந்த நான் பாலம் கட்டினவனைப் பற்றி எழுதினேன், அதை இடித்தவனைப் பற்றி எழுதினேன், திறந்துவைத்தவரைப் பற்றியும் வேறு வழியில்லாமல் எழுதினேன். என் கையால் ஒரு ஆணி அடித்ததில்லை. ஓய்வுபெற்ற அன்று என்ன வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள். எல்லோரும் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொள்ளும் இடத்தில் நான் டூல்ஸ் பெட்டி கேட்டேன். அதன் மூடியில் என் பெயர் பொறித்திருக்கிறது. நான் எழுதியது எதிலும் என் பெயர் அவ்வளவு பெரிய எழுத்தில் வந்ததில்லை.

போன திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு எங்கள் வாஷிங் மெஷின் வயிறு நிறையத் தண்ணீரோடும் என் நான்கு சட்டைகளோடும் நின்றுபோனது. தண்ணீர் வெளியே போகவில்லை. நான் பெட்டியை எடுத்தேன். ஜோசஃபின் அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள்.

“என்னாங்க, ஒண்ணு சொல்றேன். சனிக்கிழமைக்குள்ள இது ஓடலைன்னா அந்தப் பெட்டி கோயில்ல நடக்குற பழைய சாமான் விற்பனைக்குப் போயிடும். ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்.”

“எப்போ சொன்னே?”

“ஃபேன் முடிஞ்ச அன்னைக்கே.”

“ஓடினா?”

“ஓடினா, சாகுறவரைக்கும் எதை வேணும்னாலும் கழட்டிக்குங்க. என்னைத் தவிர.”

ஆகவே பந்தயத்தில் இருந்தது பெட்டி. அதை இழந்தால் மிச்சக் காலம் முழுவதும் பேப்பர் படித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அவசரப்படவில்லை. தண்ணீரைக் குவளை குவளையாக மொண்டு ஊற்றினேன், சட்டைகளைப் பிழிந்து காயப்போட்டேன். செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் கழற்றினேன், ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். இங்கேதான் தொழில் என் காலை வாரியது. செய்தி எழுதும் கைக்கு ஒரே முறைதான் தெரியும்: முக்கியமானது முதல் வரியில், அதற்கடுத்தது அடுத்த வரியில், அற்ப சங்கதியெல்லாம் கடைசியில், இடம் போதாவிட்டால் ஆபீசில் அடியிலிருந்து வெட்டிக்கொள்வார்கள். நோட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். முதல் வரியில் மோட்டார். இரண்டாவது பெல்ட். பிறகு குழாய்கள். கடைசிப் பத்தியில், “இவை தவிர ஏராளமான ஸ்க்ரூக்களும் கழற்றப்பட்டன” என்று ஒரு வாக்கியம். எதை முதலில் கழற்றினேன், எது எதற்குப் பின்னால் இருந்தது என்ற தகவல் அதில் எங்குமே இல்லை. செய்தியாகப் பார்த்தால் அருமையான செய்தி. அதை வைத்துக்கொண்டு மெஷினை மூட முடியாது.

இருந்தும் மூடினேன். முதல் தடவை பதினோரு ஸ்க்ரூ மீந்தது, மறுபடி கழற்றிச் சேர்த்தபோது ஏழு. புதன்கிழமை மதியம் ஏழோடு ஓட்டிப் பார்த்தேன். மெஷின் தண்ணீரை உள்ளே இழுத்தது, எந்த வழியாக என்று சொல்ல முடியாதபடி எல்லா வழியாகவும் வெளியே விட்டது. ஐந்தாவது நிமிஷம் கீழ்வீட்டு சேஷகிரி படியேறி வந்தார். கன்னடக்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசினாலும் மனைவியை ஹெண்டதி, ரசத்தை சாரு என்றே சொல்பவர், கோபம் வந்தாலும் மரியாதை குறையாதவர்.

“டெரிக் சார், ஸ்வல்ப கீழ வந்து பாருங்க. நம்ம அடுக்களையில மழை பெய்யுது. ஹெண்டதி ஒரு கையில கொடை, ஒரு கையில கரண்டி வெச்சுக்கிட்டு சாரு பண்றாங்க.”

“சின்ன லீக் சார், இப்போ சரியாயிடும்.”

“சாரும் நெறைய ஆயிடுச்சு சார். ராத்திரிக்கு நீங்களும் வாங்கிக்குங்க.”

அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து மூன்றாம் முறையாகச் சேர்த்தேன். நான்கு ஸ்க்ரூ மீந்தது. பதினொன்று, ஏழு, நான்கு. போக்கு நல்ல திசையில்தான் இருந்தது. ஆனால் வியாழக்கிழமை காலை பட்டனை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை. உள்ளே ஈரம் இருக்கிறது, அது காய்ந்தால் ஓடும் என்று முடிவு செய்தேன். அன்று மதியம் ஓய்வுபெற்ற நிருபர்கள் சங்கக் கூட்டம். மீந்த நான்கு ஸ்க்ரூவையும் ஒரு சாஸரில் போட்டு மெஷின் மேல் வைத்து, “மூணு மணி நேரம் யாரும் தொடக் கூடாது, காயட்டும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

“நான் எதுக்குத் தொடப்போறேன்? நீங்க நிதானமா போயிட்டு வாங்க. வடையெல்லாம் சாப்பிட்டுட்டே வாங்க” என்றாள். முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னை நிதானமாக வரச் சொன்னது அதுவே முதல் தடவை.

நிதானமாகவே வந்தேன். தரை சுத்தமாகத் துடைத்திருந்தது. சாஸர் காலியாக இருந்தது, ஸ்க்ரூக்களைக் குப்பையில் போட்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன், தேவையில்லாத பாகங்கள்தானே. சட்டைகளைப் போட்டு பட்டனை அழுத்தினேன். மச்சான், அது ஓடியது. தண்ணீர் எடுத்தது, சுற்றியது, நின்று யோசித்தது, தண்ணீரை ஒரு சொட்டு தரையில் படாமல் குழாய் வழியாக வெளியே விட்டது. நான் ஒரு முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து ஐம்பத்திரண்டு நிமிஷமும் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் என் நீலச் சட்டை கையை ஆட்டிக்கொண்டு போய்ப் போய் வந்தது. நான் எழுதிய எத்தனையோ செய்திகளால் எதுவும் நகர்ந்ததாக எனக்குத் தெரியாது. என் கை பட்டதால் ஒன்று நகர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். ஜோசஃபின் பின்னால் நின்று, “அடேங்கப்பா! ஒத்துக்குறேன்” என்றாள். ராத்திரி பாயசம் வைத்தாள்.

ஆகவே ஃப்ரிட்ஜைப் பற்றிக் கவலை விடுங்கள். நாற்பது பேரின் சாப்பாடும் என் பொறுப்பு. ஆஞ்சலா அக்காவுக்கு என் வணக்கம். லவினாவுக்கு எங்கள் இருவர் ஆசீர்வாதமும். மாதா உங்கள் வீட்டையும் அதிலுள்ள எல்லா மின்சாதனங்களையும் காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
டெரிக்

பின்குறிப்பு: இதோடு மெஷினின் போட்டோ ஒன்றும் வைக்கலாம் என்று, உறையை ஒட்டுவதற்கு முன் பின்பக்கமாகப் போனேன். அங்கே ஒரு புது ஸ்டிக்கர் இருந்தது: “சுனில், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் சர்வீஸ்”, கீழே போன் நம்பர், பேனாவால் எழுதிய தேதி. போன வியாழக்கிழமை. ஒரே ஆதாரத்தை நம்பிச் செய்தி போடுகிற வழக்கம் எனக்கு இல்லை, ஆகவே அந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

“சார், அம்மா உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. ஸ்டிக்கர் பழக்கதோஷத்துல ஒட்டிட்டேன்” என்றார் சுனில். “எதுக்கு சார் மோட்டாரைக் கழட்டினீங்க? கீழ சின்னக் கதவு இருக்குது, அதுக்குள்ள தண்ணி வெளிய போற வழியில உங்க பேனா மூடி மாட்டியிருந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை. நீங்க மாட்டினதைக் கழட்டி மாட்டத்தான் ரெண்டு மணி நேரம் ஆச்சு.”

“மீந்த நாலு ஸ்க்ரூ?”

“மூணு போட்டுட்டேன் சார். ஒண்ணு இந்த மெஷினோடதே இல்ல, மிக்ஸியோடது. அதையும் மிக்ஸில போட்டுட்டேன். இப்போ மூணு ஸ்பீடும் வருது பாருங்க. உங்க நோட்டையும் படிச்சேன் சார். நல்லா எழுதியிருக்கீங்க.”

அம்மா ஏன் சொல்ல வேண்டாம் என்றார் என்று கேட்டேன். “பெட்டி போயிடுச்சுன்னா மனுஷன் நாள் முழுக்க பேப்பர்ல தப்புக் கண்டுபுடிச்சு எனக்குப் படிச்சுக் காட்டுவாருன்னாங்க சார்.”

கடிதத்தைக் கிழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் வெளிவந்த செய்திக்குத் திருத்தம் போடுவதுதான் எங்கள் வழக்கம். இதுதான் திருத்தம். முப்பத்தாறு வருஷத்தில் ஒன்றே ஒன்று போட்டேன், இது இரண்டாவது. நான் கண்டுபிடித்தது ஜோசஃபினுக்குத் தெரிய வேண்டாம், பாயசம் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை சுனில் அத்திபெலே வந்து உங்கள் ஃப்ரிட்ஜைச் சரிசெய்துவிடுவார், பேசிவிட்டேன். ஸ்டிக்கர் ஒட்டவிடாதீர்கள். சனிக்கிழமை காலை ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள். நான் பெட்டியோடு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து எழுந்திருப்பேன். உடனே ப்ளக்கைப் போட்டு, எல்லோருமாக ஆச்சரியப்படுங்கள். அந்த அரை மணி நேரத்தில் நான் எதையும் நிஜமாகவே கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.