ராணியை அனுப்பி வைக்கவும், விமானத்தை விட்டுவிட்டேன்

கள்ளிக்குப்பம்,
ஆடி மாதம், புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் நாகேந்திரன் அவர்களுக்கு, சம்பந்தம் எழுதுவது.

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று வேளையும் தெருமுனை ஓட்டல் பொங்கலைத் தின்று உயிர் வாழ்கிறவன் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். உங்கள் தங்கை ராணி என்மேல் கோபித்துக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்கு, உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எதற்காக வந்தாள் என்பதை அவள் பாணியில் சொல்லியிருப்பாள். என் பாணியில் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு வேண்டாமா? போன் செய்தால் உங்கள் போனையும் அவளே வாங்கி வெட்டிவிடுகிறாள். அதனால்தான் இந்தக் காலத்தில் தபால் உறை தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். விஷயம் இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ராணி இங்கே இருந்தாக வேண்டும். ஏன் என்பதைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள், படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், திட்டிவிட்டு அவளை பஸ் ஏற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் பெங்களூரில் இருக்கும் உங்கள் மருமகன் நிர்மல். கூட்டுறவு வங்கியிலிருந்து ரிட்டயரான அப்பா வீட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கிறார் என்று கவலைப்பட்டு, பழைய சரித்திரம் தேடுகிறவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டான். அதில் ஒருநாள் பேச்சு வந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், வெள்ளைக்காரன் வேண்டாம் என்று விட்டுப்போன விமானங்களை ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துப் பொட்டல்களில் கொண்டுவந்து குவித்து, உடைத்து, எடைக்கு விற்றார்களாம். அந்த விமானக் காயலான் கடைகள் எந்தெந்த இடத்தில் இருந்தன என்று இப்போது யாருக்கும் சரியாகத் தெரியாதாம். அந்தப் பக்கம் குடியிருக்கும் உறுப்பினர் யாராவது நேரில் போய்க் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். மச்சான், வேலையில் இருந்த காலமெல்லாம் மற்றவன் போட்ட கையெழுத்தைச் சரிபார்த்தே காலம் தள்ளினவன் நான். என்னிடம் ஒருத்தர் 'கண்டுபிடித்துத் தாருங்கள்' என்று கேட்டது இதுதான் முதல் தடவை. அன்றைக்கே ஒரு நீளமான டேப்பும் தொப்பியும் வாங்கிவிட்டேன்.

முதலில் ஆவடி. பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்ததில், ஒரு மைதானம் முழுசாக ஒரு மதிலுக்குள்ளே போயிருந்தது. எட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. பக்கத்தில் நின்ற இளநீர் வண்டியின் மேல் ஏறிப் பார்த்தேன். ஆவடியில் எந்த மதில் ராணுவ மதில், எந்த மதில் கல்யாண மண்டப மதில் என்று தெரியாமல் ஏறக்கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கையில் மேப், கழுத்தில் பைனாகுலர், தலையில் தொப்பி. வந்த ஜவான் மரியாதையான மனிதர், நாற்காலி போட்டு டீ கூடக் கொடுத்தார். ஆனால், உங்களைத் தெரிந்தவர் யாராவது வந்து சொன்னால்தான் அனுப்புவோம் என்றார். ராணி கொதிக்கிற குழம்பை இறக்கி வைத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். 'இவர் யாரும்மா?' என்று கேட்டதற்கு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள் மச்சான். யோசித்தாள்! அப்புறம்தான் 'எங்க வீட்டுக்காரர்தான்' என்றாள்.

அதோடு விட்டிருந்தால் நான் மனிதன். அடுத்த வாரமே நசரத்பேட்டையில் ஒரு காலி மனையை அளந்துகொண்டிருந்தேன். துணி காயப்போட வந்த யுவராணி என்ற பெண், 'இன்னா சார் அளந்துகினு கீற?' என்றாள். 'இங்கே ஏரோப்ளேன் நின்ன இடம் எதும்மா?' என்று கேட்டேன். நான் கேட்டது நடந்து முடிந்த கதை. ஊரில் பரவியது வரப்போகிற கதை. மெட்ரோவுக்கு அளந்தவனையும் பைபாசுக்கு அளந்தவனையும் பார்த்த ஜனங்கள் அவர்கள். டேப்போடு ஒருத்தன் வந்தால் பின்னாலேயே புல்டோசர் வரும் என்பது அவர்கள் அனுபவம். ரெண்டே நாளில் அந்த யுவராணி தலைமையில் ஒரு பெண்கள் கூட்டம், என் விலாசத்தை எப்படியோ விசாரித்து, கையில் பட்டாவோடு எங்கள் பிளாட் கதவைத் தட்டியது. 'சார், ஏர்போர்ட்ட எங்கினா கட்டிக்கோ சார், எங்க ஊட்ட மட்டும் உட்ரு. இப்பத்தான் லோனு போட்டு மாடி எடுத்துக்கீறோம்' என்று அவள் அழுதாள். ராணிதான் எல்லோரையும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, 'அவருக்கு ஏர்போர்ட் கட்டுற அளவுக்கெல்லாம் சாமர்த்தியம் கிடையாதும்மா, ஒரு கொசுவலை கட்டத் தெரியாது' என்று உறுதிமொழி கொடுத்து அனுப்பினாள். அதற்குள் உதயகுமார் என்கிற மனை புரோக்கர் ஹைவேயில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டிவிட்டான். 'விமான நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்! ஆலோசகர்: திரு. சம்பந்தம், ஓய்வுபெற்ற அதிகாரி.' கூடவே என் வாட்ஸப் படம். அது நானும் ராணியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம், அதில் அவளை வெட்டிவிட்டான், ஆனால் சரியாக வெட்டவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் கம்மலோடு ராணியின் காது மட்டும் தனியாகத் தெரிந்தது. 'என்னைக் கேக்காம என் காதை எப்படி ரோட்டுல கட்டலாம்?' என்று அவள் கேட்டாள்.

குமணன்சாவடி காயலான் கடை தேவா கதையை ராணி கட்டாயம் சொல்லியிருப்பாள். 'அண்ணாத்தே, உன்னிய மாரி ஆளுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிக்கீறேன், சண்ட பிளேனு காத்தாடி' என்று கோணியை விலக்கிக் காட்டினான். ஆள் உயரத்துக்கு ஒரு இறக்கை. நடு ஹாலில், ராணியின் சோபாவில் அதைச் சாய்த்து வைத்து ஒரு வாரம் சாம்பிராணி காட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டேன். நிர்மல் வந்தவன் அதைத் திருப்பிப் பார்த்து, 'அப்பா, இதுல கோயம்புத்தூர் கம்பெனி பேரும் போன் நம்பரும் இருக்கு' என்றான். ஏதோ பேக்டரியில் வெப்பம் தணிக்கிற பெரிய ஃபேனின் இறக்கையாம். ராணி துணி எடுத்து சோபாவைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் அப்படித் துடைத்தால் எவ்வளவு ஆபத்து என்று கூடப் பிறந்த உங்களுக்குத் தெரியாததா?

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மச்சான், இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க. எங்க தெரு அம்மன் கோயில்ல ஆடி மாசம் கூழ் ஊத்துறப்ப, தெருவுல இருக்கிற ஒவ்வொரு வீட்டுலேருந்தும் ஒரு குடம் கூழ் காய்ச்சி எடுத்துட்டு வந்து, கோயில் வாசல்ல இருக்கிற ஒரே தொட்டியில ஊத்துவாங்க. எல்லார் வீட்டுக் கூழும் கலந்த அப்புறம்தான் அம்மனுக்குப் படைக்கிறது, ஊருக்குக் குடுக்கிறது. நாங்க அபார்ட்மென்ட்காரங்க. எங்களுக்குக் குடிக்க உண்டு, ஊத்த இல்லை. யாரும் வேண்டாம்னு சொன்னதில்லை, வான்னும் சொன்னதில்லை. வருஷா வருஷம் ராணி தூக்குச்சட்டியோட வரிசையில நின்னு வாங்கிட்டு வந்து, 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொல்லிட்டு ஜன்னல் பக்கமாப் பார்த்துகிட்டு குடிப்பா. இந்த வருஷம் அந்தக் கோயில் பொறுப்பைப் பார்க்கிற பொன்னியம்மா, அம்பத்தூர் எஸ்டேட்டுல கேன்டீன் நடத்துறவங்க, அவங்களே எங்க படியேறி வந்து, 'ராணிம்மா, இந்த தபா நீயும் ஒரு கொடம் காச்சிக்கினு வந்துரு. எங்க அக்கா பொண்ணு யுவராணி உன் காப்பிய இன்னும் பேசிக்கினு கீது' அப்படின்னாங்க. அந்த அழைப்புக்கே நான்தான் காரணம்னு ராணிகிட்ட எடுத்துச் சொன்னேன். அவ கரண்டியைக் கீழே வெச்சா. நான் வெளியே போயிட்டேன். ஆனா அவ முகத்தை நீங்க பார்த்திருக்கணும், நிர்மலுக்கு வேலை கிடைச்ச அன்னிக்குக்கூட அப்படி இல்லை. முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைச்சுப் புளிக்க வெச்சு, விடியறதுக்கு முன்னாடி நொய் போட்டுக் காய்ச்சி, புதுக்குடத்துல மஞ்சள் பூசி வேப்பிலை கட்டி, பட்டுப்புடவையில தூக்கிட்டு நடந்தா. நான் பின்னாடி வேடிக்கை பார்த்துகிட்டு நடந்தேன். வேடிக்கை பார்த்ததோட நிறுத்தியிருக்கலாம்.

அந்தத் தொட்டியை இத்தனை வருஷமா நான் தூரத்துலேருந்துதான் பார்த்திருக்கேன். அன்னிக்குத்தான் கிட்டத்துல பார்க்கிறேன். நீளமா, ரெண்டு முனையும் கூராகி, பாகற்காயை நெடுக்க வெட்டினாப்புல ஒரு வடிவம். சாதாரணத் தொட்டிக்கு முனை எதுக்கு? விமானத்து வயித்துக்குக் கீழே தொங்கவிடுற எண்ணெய்த் தொட்டியோட படம் குழுவுல பார்த்திருக்கேன், அதே வடிவம்! தகடு சேர்ற இடத்துல வரிசையா ரிவிட்டு ஆணி அடிச்சிருந்தா விமானத்துதேதான். பம்பை அடிக்கிறாங்க, பொம்பளைங்க ஒவ்வொருத்தரா ஊத்துறாங்க, ராணி முறை வந்து அவ குடத்தைச் சாய்க்கிறா, நான் செல்போன் டார்ச்சைப் போட்டுகிட்டு தொட்டிக்கு அடியில படுத்துட்டேன். தொட்டி ரெண்டு பக்கமும் சிமெண்டுக் கல்லு மேல நிக்குது. உள்ளே இன்னும் கொஞ்சம் நகர்ந்தா எழுத்து தெரியும்னு முழங்காலை மடக்கினேன். கல்லு நகர்ந்துது. அவ்வளவுதான் மச்சான். தெருவோட மொத்தக் கூழும் என் தலையில, கண்ணுல, காதுல, சட்டைப் பையில. பம்பை நின்னுபோச்சு. நான் கூழ் வழிய எழுந்து நின்னேன். அப்ப நான் சொன்ன முதல் வார்த்தை 'மன்னிச்சுடு' இல்லை. கவிழ்ந்து கிடந்த தொட்டியைக் காட்டி, 'ராணி, ரிவிட்டு!' அப்படின்னேன்.

பொன்னியம்மா என்னைப் பார்த்தாங்க, தொட்டியைப் பார்த்தாங்க, கோயிலைப் பார்த்தாங்க. 'இன்னாங்கடி பாத்துகினு நிக்கிறீங்க? ஆத்தா இந்த வருசம் மொதக் கூழ இவரு தலையிலயே ஊத்திக்கினா. கொலவ போடுங்க!'ன்னு ஒரு குரல் விட்டாங்க. உடனே குலவை, பம்பை எல்லாம் மறுபடி கிளம்பிடுச்சு. அவங்க வீட்டுக்காரர் முனியன் ஒரு குடம் மஞ்சத்தண்ணியை என் தலையில கொட்டி மாலைகூடப் போட்டார். எனக்கு மாலை, ராணிக்குக் காலிக் குடம். அவ கண்ணுல தண்ணி நின்னுது. அதைப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சுது, அவ எத்தனை வருஷம் காத்துகிட்டு இருந்த ஒரு நிமிஷத்தை நான் தரையில கொட்டிட்டேன்னு. மத்தியானம் பஸ் ஏறிட்டா.

சாயங்காலம் தெருவைக் கழுவிவிடப் போனேன். என்னால முடிஞ்ச பிராயச்சித்தம் அதுதானே. பொன்னியம்மா சொன்னாங்க: 'எங்க மாமனாரு சின்னவரா இருந்தப்போ இந்த எடம் பூரா பிளேனுங்களா கெடந்துச்சாம் நைனா. ஒடச்சி ஒடச்சி வண்டியில ஏத்திக்கினே இருப்பாங்களாம். கடசீல மிஞ்சினது இந்தத் தொட்டி ஒண்ணுதான்.' மச்சான், நான் ஆவடியிலயும் நசரத்பேட்டையிலயும் தேடின இடம், இந்தக் கோயிலும் எங்க பிளாட்டும் சேர்ந்த இடம். ராணியோட சமையல்கட்டுக்குக் கீழே! 'ஏம்மா, இதை முதல்லயே சொல்லக்கூடாதா?'ன்னேன். 'நீ ஏர்போர்ட்டு கட்டப் போறேன்னுல்ல எல்லாரும் சொல்லிக்கினு இருந்தாங்க!' அப்படின்னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, 'இத்த வெளீல சொல்லாத. சொன்னா தூக்கிக்கினு போயி கண்ணாடிப் பொட்டில வெச்சிருவானுங்க. நாங்க கூழ எதுல ஊத்துறது, உன் தொப்பியிலயா?'

அம்மன் சத்தியமா சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு மட்டும்தான் எழுதறேன், நீங்க குடும்பம். வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி கூழ் ஊத்தறாங்க. 'மொதக் கொடம் ராணிம்மாவுது, அது வராம தொட்டிய நிமுத்த மாட்டோம்'னு பொன்னியம்மா சொல்லிட்டாங்க. தொட்டி இன்னிக்கும் கவிழ்ந்தேதான் கிடக்குது. நான் பொங்கல் வாங்கப் போறப்ப எல்லாம் தெருவே கேக்குது, 'ராணிம்மா எப்போ வராங்கோ?' ஒருத்தராவது 'நீ சாப்ட்டியா'ன்னு கேக்கலை.

ஆகவே மைத்துனர் அவர்களே, இதன் மூலம் உறுதி கூறுகிறேன். வாட்ஸப் குழுவில் 'எங்கள் பக்கம் ஒன்றும் அகப்படவில்லை' என்று எழுதிவிட்டு வெளியேறிவிட்டேன். ஃபேன் இறக்கையை தேவாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். டேப்பைப் பந்தல் அளக்க முனியனிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி என் வாழ்நாளில் விமானம் என்ற பேச்சே கிடையாது, வானத்தில் சத்தம் கேட்டால்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டேன். ராணி இல்லாமல் வீடு வீடாக இல்லை. இதை அவளிடம் சொல்லுங்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். எப்படியாவது சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.

வீட்டில் தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் மாடு கன்று போட்டதாகக் கேள்விப்பட்டேன், தாயும் கன்றும் நோய்நொடி இல்லாமல் இருக்க இந்தத் தெரு அம்மனே அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
திருந்திய மைத்துனன்,
சம்பந்தம்.

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது போன் கூவியது. ராணியிடமிருந்து ஒரு படம், இத்தனை நாளில் முதல் தடவையாக. உங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியைக் குப்புறக் கவிழ்த்துப் படம் எடுத்திருக்கிறாள். வரிசையாக ரிவிட்டு! உங்க ஊர்ல யுத்தகாலத்து விமான ஓடுதளம் இருக்கிறது எனக்கு எப்படி மச்சான் மறந்துபோச்சு? கீழே எழுதியிருக்கிறாள்: 'இது என்னன்னு வந்து பாத்துட்டு, என்னைக் கூட்டிகிட்டுப் போங்க. வரும்போது அரிசி டின்னுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கிற ரெண்டாவது டேப்பையும் எடுத்துகிட்டு வாங்க.'

அதனால ராணியை பஸ் ஏத்த வேண்டாம். நானே இப்பவே கிளம்பி வரேன். இந்தக் கடிதத்தையும் கையிலயே கொண்டுவந்து தரேன், படிச்சுட்டு அவகிட்ட காட்டிடாதீங்க. சனிக்கிழமை ரெண்டு பேரும் திரும்பிடுவோம்னு பொன்னியம்மாகிட்ட சொல்லியாச்சு. நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் தொட்டியை யாரும் கழுவ வேண்டாம். மாட்டுக்கு வாளியில தண்ணி வைங்க.