மேட்டுக்காட்டார் வீட்டில் கூடிய சட்டசபை

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. துடியலூரில் எங்கள் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போய், சட்டசபையில் அவர் கேட்க வேண்டிய துணைக் கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும்.

காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன்.

என்னை அனுப்பியது ரத்தினா அக்கா. அக்காவும் மச்சானும் மில் வேலையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரு வீட்டுமனைக் கம்பெனியில் கட்டியிருந்தார்கள். மாதாமாதம் கட்டினால் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் மனை உண்டு என்று சொன்ன கம்பெனி, ஒரு நாள் ஷட்டரை இறக்கியது. மறுபடி ஏற்றவே இல்லை. இப்போது அந்த நிலத்தையே கம்பெனிக்காரன் திருப்பூர்க்காரர் ஒருவருக்கு மொத்தமாக விற்கப் போகிறான் என்று பேச்சு. விற்றுவிட்டால் அக்காவுக்கு மனையும் இல்லை, கட்டியதும் இல்லை.

நல்ல வேளையாக, இதைப் பற்றி எம்.எல்.ஏ. எப்போதோ எழுதிப்போட்ட கேள்வி அந்த வாரம்தான் சபைக்கு வருகிறது. "அந்த நிலத்தை விற்க விடமாட்டோம்" என்று மந்திரி சபையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அது அரசாங்கத்தின் உறுதிமொழி.

"எழுதி வெச்ச பதிலை மந்திரி படிச்சுருவாராம். அப்பறம் நம்மாளு எந்திரிச்சுத் துணைக் கேள்வி கேக்கலாமாம். அதுலதான் மந்திரியப் புடிக்கணுமாம்," என்றாள் அக்கா. "நீதான் தமிழு, இங்கிலீசுன்னு ரெண்டு பாசையும் படிச்சவனாச்சே. நறுக்குன்னு எழுதிக் குடுத்துட்டு வா கண்ணு. நானும் வாரேன்."

பாதி வாழ்க்கையைப் பம்பாயில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் கழித்துவிட்டு, ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் ஊர் திரும்பியவன் நான். வந்ததிலிருந்து என் இரண்டு பாஷைகளுக்கும் யாரும் வேலை கொடுக்கவில்லை. விடுவேனா? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் அக்கா. ஸ்கூட்டரை உதைத்தேன்.

எங்கள் எம்.எல்.ஏ.வை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேட்டில் தோட்டம் வைத்திருப்பதால் மேட்டுக்காட்டார். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை என்பதற்காகவே ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தோம். சபைக்குப் போன பிறகும் அவர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சொல்லப் போனால், எந்த வார்த்தையுமே பேசவில்லை.

நான் எழுதிய கேள்வியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"மேற்படி நிலம் பிறருக்கு விற்கப்படுவதைத் தடுக்க அரசு என்ன நடவடிக்கை எடுத்தது என்பதை அமைச்சர் தெரிவிப்பாரா?"

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத அவரு மூஞ்சிக்கு நேராவே கேக்கோணுமுங்களா?"

"ஆமாங்க."

"கொஞ்சம் வையற மாதிரி இருக்குதுங்களே, தம்பி."

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். நான்தான், "ஒரு தடவை நடிச்சுப் பாத்தா பழகிரும்ங்க. நான் மந்திரியா இருக்கேன், நீங்க கேளுங்க," என்றேன்.

மேட்டுக்காட்டாருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. வாசலிலேயே சபை கூடியது. அவர் சம்சாரம் நாச்சக்காதான் சபாநாயகர். பூஜை மணியை எடுத்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா பார்வையாளர். மனு கொடுக்க வந்து வாசலில் காத்திருந்த சிலரும், கம்பெனியில் பணம் கட்டியவர்கள் சிலரும் தேங்காய்க் குவியல் மேல் இடம் பிடித்தார்கள்.

நான் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மேட்டுக்காட்டார் உள்ளே ஓடினார். கலியாணம், காதுகுத்து என்று அவருக்குப் போட்ட சால்வைகள் பீரோ நிறைய இருக்கின்றன. பச்சைச் சரிகை போட்டதாக ஒன்றைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்தினார்.

"சும்மா நடிப்புத்தானுங்களே, இதெல்லாம் எதுக்குங்க?"

"அதெப்படிங்க? மந்திரின்னு உக்கார வெச்சுப்போட்டு வெறுந்தோளோட உடறதுங்களா?"

நாச்சக்கா மணி அடித்தார். மேட்டுக்காட்டார் எழுந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா? மெட்ராஸ்ல மழையெல்லாம் உண்டுங்களா?"

மணி அடித்தது. "நேரமாயிருச்சு, உக்காருங்க," என்றார் நாச்சக்கா.

"இன்னும் கேள்வியே கேக்கலியே அம்மணி!"

"அதுக்கு நானென்ன பண்ணட்டும்? உக்காருங்கன்னா உக்காருங்க."

வீட்டுக்கார அம்மாவுக்கு இந்தப் பதவி ரொம்பவும் பொருந்தியிருந்தது.

இரண்டாம் முறை ஒரு வழியாகக் கேள்வியைக் கேட்டுவிட்டார். இப்போது என் முறை. இங்கேதான் வினை.

இன்சூரன்ஸ் ஆபீஸில் என் வேலையே, பணம் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் எழுதுவதுதான். தரமாட்டோம் என்று எழுதக்கூடாது. தருவோம் என்றும் எழுதக்கூடாது. படித்தவருக்கு நன்றி சொல்லத் தோன்ற வேண்டும், நாலு நாள் கழித்துத்தான் கை காலியாக இருப்பது தெரிய வேண்டும். ஊருக்கு வந்ததும் தொலைந்தது என்று நினைத்த அந்தத் திறமை, சால்வை பட்டதும் எழுந்து உட்கார்ந்தது.

"உறுப்பினர் அவர்களின் அக்கறையை அரசு பெரிதும் மதிக்கிறது. இது குறித்து விவரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன. உரிய நேரத்தில் உரிய முடிவு எடுக்கப்படும்," என்றேன்.

மேட்டுக்காட்டார் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப சந்தோசமுங்க. இவ்வளவு பொறுமையா பதில் சொன்னீங்களே, அதே போதுமுங்க." உட்கார்ந்துவிட்டார்.

"என்னத்த போதுமுங்க?" என்று எழுந்தாள் அக்கா. "ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருக்கான் அவன்."

"பார்வையாளர் பேசக்கூடாது," என்று மணி அடித்தார் நாச்சக்கா.

அக்கா கேட்டால்தானே? நேராக என் முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்க மந்திரி, நாங்க மனைக்குக் கட்டுன அந்தக் காட்டை விப்பாங்களா, மாட்டாங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தையில் பதில் சொல்லக் கூடிய பொருள் அல்ல இது."

"நானும் உன்ற மச்சானும் வாடகை வீட்டுலயே சாகறதா?"

"அரசு அதைக் கனிவுடன் பரிசீலிக்கும்."

தேங்காய்க் குவியலில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. நடிப்பென்று தெரிந்தும் அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது. என்னிடம் இருந்ததோ ஆபீஸ் பாஷை மட்டும். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவ்வளவுதான், எழுந்தேன். மந்திரி எழுந்ததைப் பார்த்து மேட்டுக்காட்டாரும் எழுந்து கைகட்டி நின்றார். சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு, வாசலுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: "அந்த நிலத்தை ஒரு சென்ட் கூட விற்க இந்த அரசு அனுமதிக்காது. மீறி வாங்குகிறவர் மீதும் வழக்குப் பாயும். இது நான் சபைக்குத் தரும் உறுதிமொழி."

கைதட்டல் காம்பவுண்டுக்கு வெளியிலிருந்தும் வந்தது. திரும்பிப் பார்த்தேன். முதலில் இருந்த கூட்டம் போல இரண்டு மடங்கு சனம். பின்னால் வந்தவர்களுக்கு நடிப்பு என்று யார் சொன்னது? அவர்கள் பார்த்ததெல்லாம், எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் சால்வையோடு ஒருவர், எதிரில் எம்.எல்.ஏ. கைகட்டி நிற்கிறார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் செய்தி என்னை முந்திக்கொண்டு வந்திருந்தது. "மந்திரி வந்துட்டுப் போனாராமுங்க."

"அதெல்லாம் இல்லீங்க, அது நான்தானுங்க," என்றேன்.

டீக்கடைக்காரர் பாய்லர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "புரியுதுங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க."

எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. நல்ல சேதி சொல்கிறவரை மறுத்துப் பேச மாட்டார்கள். அதனால், நடந்தது தெரிந்தவர்களும் "அப்படிங்களா, சந்தோசமுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். மறுத்தவன் நான் ஒருவன்தான். நான் சொன்னதைத் தன்னடக்கம் என்றார்கள். என் இரண்டு பாஷைகளிலும் இதற்கு ஒரு சொல் அகப்படவில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். கதவைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி நடத்தி ஊரை ஏமாற்றியவன் வெளியே இருக்க, மந்திரி வேஷம் போட்டவன் உள்ளே போகப் போகிறான்.

"மந்திரி வந்திருந்தாராமுங்க," என்றார் ஏட்டு. "பந்தோபஸ்துக்கு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்களே. இன்ஸ்பெக்டர் ஐயா ரொம்ப வருத்தமா இருக்காருங்க."

"வரலீங்க. நடிச்சுப் பாத்தோமுங்க. சத்தியமாங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் திண்டாட்டத்தோடு கையில் சுற்றினார். "செரிங்க, அது எப்படியோ போகட்டுங்க. விக்க உடமாட்டோம்னு சொன்னாரில்லீங்களா, அது நெசந்தானுங்களே? எங்க ஊட்லயும் அதுல ஒரு மனைக்குக் கட்டிட்டிருந்தாங்க."

அவரை மறுத்துப் பேச எனக்கும் மனம் வரவில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தானே.

வியாழக்கிழமை மேட்டுக்காட்டார் மெட்ராஸிலிருந்து போன் செய்தார். அக்கா என் காதோடு காது ஒட்டி நின்றாள்.

"கேட்டுப்போட்டனுங்க தம்பி."

"மந்திரி என்ன சொன்னாருங்க?"

"விவரம் சேகரிச்சுட்டு இருக்காங்களாமுங்க. உரிய நேரத்துல உரிய முடிவுன்னாருங்க. அச்சு அசலா உங்களாட்டவேங்க."

"துணைக் கேள்வி கேட்டீங்களா?"

"நன்றி சொல்லிப்போட்டு உக்காந்துட்டனுங்க. பாவம், அவரும் தொண்டை கட்டியிருந்தாருங்க."

அக்கா போய்த் துணி துவைக்க உட்கார்ந்தாள். கல்லில் விழுந்த அடி ஒவ்வொன்றும் எனக்கு என்று தெரிந்தது.

துணி காய்வதற்குள் ஒரு புரோக்கர் வந்தார். திருப்பூர்க்காரருக்கு அந்த நிலத்தைப் பேசி முடித்துக் கொடுக்க இருந்தவர் அவர்தான். முகம் வாடியிருந்தது.

"கெடுத்துப்போட்டாருங்களே உங்க மந்திரி. வாங்கறவங்க மேலயும் கேசுன்னாராமுங்க. திருப்பூர்க்காரரு வேண்டவே வேண்டாம்னு போயிட்டாரு. வேற ஆளு பாக்கலாம்னா, இந்த வட்டாரத்துல ஒருத்தரும் அந்தக் காட்டை எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க."

"இன்னைக்குச் சபையில மந்திரி அப்படிச் சொல்லவே இல்லீங்களே," என்றேன்.

"சபையில ஆயிரம் சொல்லுவாங்க. நேர்ல வந்து சொன்னதுதானுங்களே பேச்சு?"

அக்கா ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, அவருக்கு மோர் வேண்டுமா என்று கேட்டாள். அவ்வளவு இனிமையாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

அரசாங்கம் விவரங்களைச் சேகரித்து முடிக்கும் வரை அந்த நிலம் வாங்க ஆளில்லாமல் அப்படியே கிடந்தது. பிறகு கோர்ட்டு, ஜப்தி என்று மெதுவாக எல்லாம் நடந்து, கட்டியவர்களுக்கு மனையைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

அந்த மனையில் அக்கா கட்டிய புது வீட்டுப் பால் காய்ச்சுக்குப் போயிருந்தேன். மேட்டுக்காட்டார் வந்திருந்தார். ஏட்டு பக்கத்து மனை. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் கரண்டு வராத சுவிட்சைக் காட்டினாள்.

"வீட்டு மந்திரி வேலைதான் முடிஞ்சுதே," என்றாள். "மின்சாரத்துக்கு இலாகா மாத்திக்கோ கண்ணு."