நிச்சயத்துக்கு ஒரு படி கீழே

அலுவலகங்களில் ஓர் இனம் உண்டு. கழுத்தில் கத்தி வைத்தாலும் 'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்கள் மட்டும் அதன் வாயிலிருந்து வராது. வெயில் மண்டையைப் பிளக்கும்போது "வெயிலா?" என்று கேட்டுப் பாருங்கள். வானத்தைப் பார்த்து, உங்களைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இட் மே பி" என்று சொல்லும். மனிதரைப் போய் 'அது, இது' என்கிறேனே என்று கோபிக்காதீர்கள். சொந்தக்காரன் என்ற உரிமைதான். நானும் அந்த இனமே. இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

கட்டடங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சொல்வதென்றால் ஆங்கிலத்தில். அந்த மொழியில் நிச்சயத்துக்கு ஓர் ஏணியே இருக்கிறது. உச்சியில் 'வில்': நடந்தே தீரும். அடுத்து 'ஷுட்': அநேகமாக. அதற்குக் கீழே 'மே': பாதிக்குப் பாதி. அடிப்படியில் 'மைட்': என்னை ஏன் கேட்கிறீர்கள்? எங்கள் அலுவலகத்தில் கோப்பு மேலே ஏற ஏற, வார்த்தை கீழே இறங்கும். ஒவ்வொருவரும் ஒரு படி இறக்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். இறக்காவிட்டால் கோப்பைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம். கடைசிக் கையெழுத்து என்னுடையது.

வீட்டிலும் இதே கதைதான்.

"மத்தியானம் சாப்பிட வருவீங்களா?"

"ஐ மைட்."

"வரலேன்னா பட்டினிதான். அதை 'வில்'லுன்னே எழுதிக்கோங்க" என்பாள் மனைவி.

நான் வேலைக்குப் போகும் தெருவில் ஒரு தையல்கடை. அதன் தலைக்கு மேலே மாடி பால்கனி. நானே ஏறிப் பார்த்தேன். கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. விரிசலுக்குள் என் சுண்டுவிரல் முழுசாகப் போயிற்று. மேற்பார்வையாளர் 'வில்' என்று எழுதினார். உதவிப் பொறியாளர் 'ஷுட்' ஆக்கினார். துணை அதிகாரி 'மே' ஆக்கினார். நான் மட்டும் இளைத்தவனா? 'மைட்' என்று திருத்தி, கையெழுத்தை நீட்டிப் போட்டேன்.

நோட்டீஸும் கையுமாகத் தையல்காரர் என்னைத் தெருவில் பிடித்தார்.

"சார், கடையைக் காலி பண்ணணுமா, வேணாமா?"

"விழ வாய்ப்பிருக்குன்னு போட்டிருக்கோமே."

"விழுமா, விழாதா? நேரா சொல்லுங்க சார். அதுக்கு நேர் கீழேதான் எம்பொண்ணு உக்காந்து பட்டன் தைக்குது."

"திட்டவட்டமா எதுவும் சொல்ல முடியாதுங்க" என்றேன், கண்ணாடியைத் துடைத்தபடி.

இரண்டு வாரம் கழித்து, பட்டப்பகலில் பால்கனி விழுந்தது. நான் பதறிக்கொண்டு ஓடினேன். கடை இருந்த இடத்தில் கல்லும் மண்ணும்தான் கிடந்தன. தையல்காரர் எதிர்வரிசையில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்; பக்கத்தில் அவர் மகள். எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பெருமையும் வந்தது.

"நம்ம நோட்டீஸைப் பார்த்துட்டு மாறிட்டீங்களாக்கும்?"

"அது யாருக்கு சார் புரிஞ்சுது? எம்பொண்ணு மூணு தரம் படிச்சுது. தினமும் நீங்க எங்க கடை கிட்ட வந்ததும் எதிர்ப்பக்கத்துக்கு ஓடுவீங்கல்ல, அதைப் பார்த்துதான் நாலு நாள் முன்னாடி மாறினோம்."

அந்த மாதம் நான் விடுப்பில் இருந்திருந்தால்? வெட்கமாக இருந்தது. வெட்கம் மாலைவரை தாங்கியது. மறுநாள் அறிக்கையில் எழுதினேன்: பால்கனி பலவீனமாகவே இருந்திருக்க வேண்டும், 'மஸ்ட் ஹாவ் பீன்'. விழுந்து முடிந்த பிறகு எங்களைப் போல அடித்துச் சொல்ல ஆள் கிடையாது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் நண்பர் ஒருவர், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கலாமா என்று உங்களிடம் யோசனை கேட்டாரே, தேறாது என்று தெரிந்தும் என்ன சொன்னீர்கள்? "பார்க்கலாம், நல்லா வந்தாலும் வரும்" என்றுதானே? நீங்களும் எங்கள் ஆள்தானா என்று இப்போது நேராகவே கேட்கிறேன். வாயைத் திறக்கிறீர்கள், யோசிக்கிறீர்கள், "இருக்கலாம்" என்கிறீர்கள்.

வாருங்கள், உட்காருங்கள். உங்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டே வைத்திருக்கிறோம்.