ஆறாம் நாள் சாணி

உலகத்தில் மாட்டைத் தவிர வேறு எந்த ஜீவனையும் மதிக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் தராசு சார்தான். மாட்டையும் முழுசாக மதித்தார் என்று சொல்ல முடியாது. அது தின்பதை மதித்தார், அது போடுவதை மதித்தார். நடுவில் நின்ற மாடு அவருக்கு வெறும் வழி. இத்தனை வருஷம் கழித்தும் அவர் பேச்சை எடுத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். இதையும் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால், சுற்றிலும் நெல் வயலும் நடுவில் நாலு கொட்டிலுமாக ஒரு தீவன ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. பெயர் வேண்டாம். நான் அங்கே அலுவலக உதவியாளர். கடிதம் அடிப்பது, கோப்பு வைப்பது, வருகிற அதிகாரிக்குச் சால்வை தயாராக வைப்பது என் வேலை. தராசு சார் மூத்த டெக்னீஷியன். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அவர் செய்த ஆராய்ச்சியை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மாட்டுக்குப் போடுகிற புல்லையோ வைக்கோலையோ எடை போட வேண்டும். அது போடுகிற சாணியை ஒரு பிடிகூட விடாமல் அள்ளி எடை போட்டு, காயவைத்து, மறுபடி எடை போட வேண்டும். முன்னதில் பின்னதைக் கழித்தால் எவ்வளவு செரித்து மாட்டின் உடம்பில் சேர்ந்தது என்று தெரியும். ஏழு நாள், இராப்பகலாக, சேர்ந்தாற்போல் இதைச் செய்ய வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். தராசு சாரோடு செய்து பாருங்கள், தெரியும்.

மனுஷர்களையும் அவர் அப்படியேதான் பார்த்தார். என் தங்கை கல்யாணத்துக்கு வந்தார். மாதா கோயிலில் பூசை முடிகிறவரை கொட்டாவி விட்டவர், பந்தியில் உட்கார்ந்ததும் சுறுசுறுப்பாகிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து கை கழுவப் போனதும் அவர் இலையை எட்டிப் பார்த்து, என் காதுபடச் சொன்னார்.

"பாதிக்குப் பாதி மிச்சம் வெச்சிருக்காரு. உங்க சம்பந்திக்குத் தீவனம் ஒத்துக்கலங்க ஸ்டெல்லா."

சம்பந்தி காதிலும் விழுந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் வெறும் காபியோடு நிறுத்திக்கொள்கிறார்.

இன்னொரு வருஷம் கார்த்திகை மாசம், வெயில் தலையே காட்டவில்லை. நான் போட்ட மோர் மிளகாய் காயாமல் பூசணம் பிடிக்கிற நிலை. ஆய்வுக்கூடத்தில் சாணி காயவைக்கிற மின்சார அடுப்பு ஒன்று உண்டு. மேல் தட்டு காலியாகத்தானே இருக்கிறது என்று மிளகாயைப் பரப்பிவிட்டேன். பண்ணையில் வேலை பார்த்த எல்லாப் பெண்களும் ஏதாவது ஒரு மழைக்காலத்தில் இந்தத் தப்பைச் செய்தவர்கள்தான். அகப்பட்டது நான். சாயங்காலம் அலுவலகமே அதிரக் கத்திக்கொண்டு வந்தார்.

"யாருங்க மொளகாயை வெச்சது? என் சாணில மொளகா வாசம் அடிக்குதுங்க!"

என் மிளகாயில் என்ன வாசம் அடித்தது என்று அவர் கேட்கவே இல்லை.

இதெல்லாம் சில்லறை. நான் சொல்ல வந்தது குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்ட வருஷத்தின் கதை. அறுவடை மெஷின் ஓடிய வயலிலெல்லாம் தண்ணீர் கட்டிவிட்டது. வைக்கோலைச் சுருட்டிக் கட்டக்கூட வழியில்லாமல், நாள் கணக்கில் ஊறிக் கறுத்துப்போனது. வேறு தீவனம் இல்லாத ஜனங்கள் அதையே காயவைத்து மாட்டுக்குப் போட்டார்கள். மாடும் வயிறு முட்டத் தின்றது. ஆனால் நாளுக்கு நாள் விலா எலும்பு தெரிந்தது, பால் வற்றியது. வயிறு நிறைந்திருக்கிற மாடு பட்டினி கிடக்கிறது என்று சொன்னால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் நம்புவார்களா? நிவாரணப் பட்டியலில் மனுஷருக்கு அரிசி இருந்தது, மாட்டுக்கு ஒன்றுமில்லை. "வைக்கோல்தான் கிடக்கிறதே" என்று எழுதிவிட்டார்கள். எழுதினவர்கள் வீட்டில் மாடு இல்லை.

தராசு சார் கொதித்துப்போனார். பக்கத்து ஊர் விவசாயி ஒருவரிடம் அந்தக் கறுத்த வைக்கோலை ஒரு டிராக்டர் நிறைய வாங்கிவந்தார். நாலு மாடுகளைக் கட்டி, பத்து நாள் அதையே தின்னப் பழக்கி, ஏழு நாள் கணக்கைத் தொடங்கினார். அடுத்த மாதம் மாவட்டக் கூட்டத்தில் அந்த அறிக்கையை வைத்தால் தீவனம் கேட்கலாம். இந்தப் பக்கத்து மாடுகள் முழுவதும் அந்த ஏழு நாள் சாணியை நம்பித்தான் நின்றன.

ஆறாம் நாள் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் தலைமை டாக்டருக்குக் கை கால் ஓடவில்லை.

"ஸ்டெல்லா, கொட்டில்ல ஒரு ஈ இருக்கக் கூடாதும்மா" என்றார்.

நான் கொட்டில் கழுவுகிற அஞ்சலையக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, ஒண்ணு விடாம சுத்தம் பண்ணுங்க" என்றேன். தராசு சார் அப்போது வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தார். ஐந்து நாளில் அவர் குளித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அஞ்சலையக்கா சொன்னதைச் செய்கிறவர். எடைக்காக நம்பர் போட்டு வைத்திருந்த நாலு டப் சாணியையும் எருக்குழியில் கவிழ்த்து, டப்பையும் பளபளவென்று கழுவிக் குப்புற வைத்துவிட்டார். பினாயில்கூட ஊற்றியிருந்தார்.

நான் வாசலில் சால்வையோடு நிற்கிறேன். அதிகாரி காரை விட்டு இறங்குகிறார். பின்பக்கமிருந்து ஒரு சத்தம்.

"எங்கடா என் சாணி!"

எல்லோரும் திரும்பினோம். ஈரத் தலையோடு தராசு சார் எருக்குழிக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றார். இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்து, "இது மூணாம் நம்பர்... இது ரெண்டு... ஐயோ, இது நேத்து மழையில நனைஞ்சது" என்று புலம்பிக்கொண்டிருந்தார். எந்தச் சாணி எந்த மாட்டுடையது என்று பார்த்தே சொல்வேன் என்பது அவர் வெகு நாளாய் அடித்துவந்த பெருமை. அன்றைக்கு அது பலிக்கவில்லை.

"யார் அவர்?" என்றார் அதிகாரி.

"எங்க சீனியர் டெக்னீஷியன் சார். ரொம்ப டெடிகேட்டட்" என்றார் தலைமை டாக்டர்.

"குழிக்குள்ள என்ன தேடறார்?"

"டேட்டா சார்."

கார் கிளம்பிய பிறகு எனக்குக் கிடைத்த திட்டு சாமானியமானதல்ல. மொத்தப் பண்ணைக்கும் முன்னால் நிற்கவைத்துத் தராசு சார் திட்டினார். "சாணின்னா உங்களுக்குக் குப்பைங்க. நீங்க படிச்ச படிப்பு அப்படி. ஒரு வருஷ மழை, ஊரு மாடு பூரா, எல்லாத்தையும் கழுவி ஊத்திட்டீங்க." எம்.காம். படித்தவள் நான். தப்பு என் பேரில் இருந்ததால் ஆத்திரம் இரண்டு மடங்காக வந்தது.

நடுவில் ஒரு நாள் அறுந்துவிட்டதால் மறுநாள் சாணியை யாரும் அள்ளவில்லை. தலைமை டாக்டர் ஒரு வழி சொன்னார். ஐந்து நாள் எடை கையில் இருக்கிறது, அதன் சராசரியை ஆறாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? தராசு சார் பேனாவைத் தொடவே இல்லை.

"மாடு போட்ட சாணியை நான் பாக்கல. பாக்காததுக்கு எடை எழுத மாட்டேன் டாக்டர்."

"சரி, அஞ்சு நாள்னு உள்ளதையே எழுதிக் குடுங்களேன்" என்றேன் நான்.

"ஏழு நாள்னாலே நம்ப மாட்டானுவ. அஞ்சுன்னா தூக்கிப் போட்டுடுவானுவ."

அப்போதுதான் எனக்கும் வெடித்தது. கையிலிருந்த கோப்பை மேசையில் அறைந்தேன்.

"உங்க சுத்தத்துக்கு ஊரு மாடு சாகணுமா சார்? ரெண்டு நம்பர் எழுதினா தீவனம் வரும். எழுத மாட்டேன்னு நிக்கிறீங்க. இதுல நான் மாட்டைக் கொன்னுட்டேன்னு வேற சொல்றீங்க!"

அவர் நான் அறைந்த கோப்பை எடுத்து நேராக வைத்தார். "கூட்டத்துக்கு எத்தனை நாள் இருக்கு?" என்றார்.

"பத்து."

"போதும். மொதல்லேருந்து எடுப்போம். நீங்க பகல்ல உக்காருங்க" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாடுகள் அந்த வைக்கோலுக்கு ஏற்கெனவே பழகியிருந்தன. கையிருப்புதான் போதவில்லை. அதே விவசாயியிடம் போய், அதே வயலில் ஊறின வைக்கோல்தான் வேண்டும் என்று நின்றிருக்கிறார். விவசாயி பாவம், ஆராய்ச்சிக்காரராயிற்றே என்று மேட்டில் காப்பாற்றி வைத்திருந்த நல்ல வைக்கோலைக் காட்டியிருக்கிறார். "நல்லது வேணாங்க, கெட்டுப்போனதுதான் வேணும்" என்று இவர் சண்டைக்கே போய்விட்டாராம்.

அடுத்த ஏழு நாள் கொட்டில் வாசலில் கயிறு கட்டிவிட்டார். தலைமை டாக்டரையே உள்ளே விடவில்லை. அஞ்சலையக்காவின் துடைப்பத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பகலெல்லாம் நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் தட்டோடு மாட்டின் பின்னால் நின்றேன். வால் லேசாகத் தூக்கினால் ஓட வேண்டும். ஒரு தடவை கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் ஓடி, தரையில் விழுவதற்குள் முழுதும் பிடித்துவிட்டேன். பாராட்டுவார் என்று பார்த்தேன்.

"தட்டு ஓரத்துல ஒட்டியிருக்கு பாருங்க, வழிங்க" என்றார்.

ஏழாம் நாள் முடிந்து, சாணி காய்ந்து, கணக்குப் போட்டார். நான் பழைய ஐந்து நாள் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்று! தலைமை டாக்டர் சொன்ன சராசரியைப் போட்டிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். என் கையில் அப்போது ஏதாவது இருந்திருந்தால் அவர் தலையில் போட்டிருப்பேன்.

"இதுக்கா சார் என்னை ஏழு நாள் சாணி பொறுக்க வெச்சீங்க?"

"அன்னைக்கு அது நம்ம நெனப்பு. இன்னைக்கு எடை" என்று தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் துருவித் துருவிக் கேட்டார்களாம். ஒவ்வொரு நாளுக்கும் எழுதிவைத்த தாளைக் காட்டியிருக்கிறார். பட்டியலில் உலர்தீவனம் ஏறியது. லாரி வந்த அன்று அவரைக் காணோம். அடுத்த சோதனைக்குப் புல் அறுக்கப் போய்விட்டார்.

பிறகு மேலிடத்திலிருந்து வந்தது மெமோ. சோதனையை ஏன் இரண்டு தடவை செய்ய நேர்ந்தது, ஆறாம் நாள் சாணத்தை அப்புறப்படுத்தச் சொன்னது யார், எழுத்தில் விளக்கம் வேண்டும். கேள்வி தராசு சாருக்கு. பதில் எனக்குத் தெரியும். அந்த மாதம்தான் என் பதவி உயர்வுக் கோப்பு மேலே போயிருந்தது. குறிப்பில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் போதும், கோப்பு அப்படியே திரும்பிவிடும். மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த மனுஷர் உள்ளதை உள்ளபடி எழுதாமல் விடுவாரா?

நாலாம் நாள் ஒரு தாளை என் மேசையில் போட்டார். "தேதி சரியா இருக்கான்னு பாத்து அனுப்புங்க. உங்க கையில குடுத்தா எதுவும் தப்பிக்காது" என்று அதற்கும் ஒரு குத்தல். போய்விட்டார்.

நான் படித்தேன். அவருடைய முத்து முத்தான கையெழுத்து. "ஆறாம் நாள் காலை கொட்டிலைக் கழுவும்படி பணியாளருக்கு நானே கவனக்குறைவாகச் சொல்லிவிட்டேன். இதில் வேறு எவருக்கும் பங்கில்லை."

கண்டனம் அவருடைய பணிப் பதிவேட்டில் ஏறியது. அதோடுதான் ஓய்வு பெற்றார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. நன்றி சொல்லப் போனபோது, "வழியை விடுங்க, மாடு நிக்குது" என்றார்.

பார்க்காத சாணிக்கு ஒரு கிராம் எழுத மாட்டேன் என்று ஊரையே எதிர்த்து நின்ற மனுஷர். வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே பொய் எனக்காக எழுதியது. அதை எழுதச் சொல்லி நான் கேட்டேனா? அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.