டி.வி. தாங்காத வீடு

கணக்கு வாத்தியாருக்கு வாழ்க்கையில் ஒரே குறை, ராத்திரிச் சாப்பாடு. மனைவியின் டி.வி. தொடர் எட்டுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். அதுவரை அடுப்புக்கு விடுமுறை, வாத்தியாரின் வயிற்றுக்குத் தண்டனை. புது மின்சாரக் காருக்கு சார்ஜர் மாட்ட எலக்ட்ரீஷியன் வந்த அன்றுதான் அவருக்கு விடிவு தெரிந்தது.

“வயரிங் பழசு சார். கார் சார்ஜ் ஆகும்போது ஏ.சி., கீசர் ரெண்டும் போடாதீங்க. உங்க கரண்ட் அடுப்பு வரைக்கும் சமாளிக்கும்.”

“டி.வி.?”

“அது கொசு சார்.”

“கொசுவை யானைன்னு எங்க வீட்டம்மாகிட்ட சொல்லணும்.”

“பாவம் சார் அவங்க!”

“உங்க வீட்டுல தொடர் ஓடாதா?”

எலக்ட்ரீஷியன் பெருமூச்சு விட்டார். அவரும் பசித்தவர்தான். அம்மாள் காப்பியோடு வந்ததும், தம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். “டி.வி.யும் கூடாதும்மா.”

அம்மாள் டி.வி.யின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். உள்ளே போய் அடுப்பின் அடியையும் பார்த்துவிட்டு வந்தார்.

“டி.வி. நூறு வாட். அதையே தாங்காதுன்னா, ரெண்டாயிரம் வாட் அடுப்பைத் தாங்குமா?”

எலக்ட்ரீஷியன் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சுவரைப் பார்த்தார்.

“தாங்காதும்மா.”

“ஃபேன்?”

“அதுவும்… வேண்டாம்மா.”

“நல்லவேளை கேட்டேன்! என்னங்க, நீங்கதானே கணக்கு வாத்தியார். நூறு பெருசா, ரெண்டாயிரம் பெருசா?”

முப்பது வருஷமாகப் பிள்ளைகளைப் படுத்திய கேள்வி. “ரெண்டாயிரம்” என்று முனகினார். அழுகை வந்தது.

அன்று ஏழு மணிக்கு வீம்புக்காகக் காரை சார்ஜில் போட்டார். அம்மாள் வீடு முழுக்க ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தார். ஒரே ஒரு பல்பு மிஞ்சியது. ஏழே முக்காலுக்கு வாத்தியார் வேர்த்து விறுவிறுத்து அடுப்பங்கரை வாசலில் நின்றார்.

“சாப்பாடு?”

“அடுப்பு போட்டா வீடு தாங்குமா?” அம்மாள் சார்ஜர் வயரைக் கழற்றிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். “நான் தங்கச்சி வீட்டுல சாப்பிட்டுட்டு வந்துடறேன்.”

“நானும் வரேனே!”

“ரெண்டு பேரும் போயிட்டா எப்படி? கார்தான் கிளம்பிடுச்சே, இனி வீடு தாங்கும். நான் வழியில இருப்பேன். எட்டு மணித் தொடரை நீங்க பாருங்க. வந்ததும் ஒரு வரி விடாம சொல்லணும்.”