சித்தப்பாவின் நீலப் பெட்டி நடித்த படம்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
11.11.2018

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மகாலிங்கம் சித்தப்பாவுக்கு,

சுபாங்கி எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். கனடாக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னார். தொலைபேசியில் சொல்ல வாய் வராத விஷயம் என்பதால் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

2009இல் நீங்கள் கனடாவுக்குப் போகும்போது, "நான் வந்து எடுப்பன், ஒருத்தரும் திறக்கப்படாது" என்று பூட்டித் திறப்பையும் கொண்டுபோனீர்களே, அந்த நீலப் பெட்டி இப்போது இல்லை.

என்னோடு படிக்கும் மரி-லூயிஸ் ஒரு குறும்படம் எடுத்தாள். பாரிஸுக்கு வந்து இருபது வருஷமாகியும் வந்துசேராத ஒரு மனிதனின் கதை. அவன் அதிகம் பேசமாட்டான், பெட்டிதான் பேசும். முதலில் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும். பிறகு அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிடுவான். கடைசியில் மெட்ரோ மேடையில் விட்டுவிட்டுப் போய்விடுவான். "ஒருமுறை காட்டினால் அது பெட்டி, இரண்டாம் முறை நினைவு, மூன்றாம் முறை அவன் வாழ்க்கை" என்றாள் மரி-லூயிஸ். நான்காம் முறை அது போலீஸ் விவகாரம் என்று அவள் சொல்லவில்லை.

காட்சிக்குக் காட்சி பெட்டி மாறாமல் பார்ப்பது என் பொறுப்பு. அம்மாவிடம் உங்கள் பெட்டியைக் கேட்டேன். கைப்பிடியில் சிவப்புச் சேலைக்கரை கட்டிய பெட்டியை அறைக்குள்ளிருந்து கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு நாளும் படப்பிடிப்பு முடிந்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். முடிச்சு இடப்பக்கம் என்றுகூட நோட்டில் குறித்துவைத்தேன். கடைசி நாள், கதாநாயகன் பாலச்சந்திரன் அண்ணை பெட்டியைத் தூக்கிவிட்டு, "பிள்ளை, போன கிழமை இவ்வளவு பாரமில்லையே?" என்றார். அது அவருடைய மனப்பாரம் என்று மரி-லூயிஸ் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அண்ணை அதை நம்பி இன்னும் நன்றாகக் கூனினார்.

பாலத்துக்கு மேலே ஓடும் லா சப்பல் மெட்ரோவில், அனுமதி கேட்காமல், எதிர் மேடையில் நின்று எடுத்தோம். அண்ணை பெட்டியை வைத்தார், திரும்பிப் பார்க்காமல் ரயில் ஏறினார், கதவு மூடியது, மரி-லூயிஸுக்குக் கண் கலங்கியது. அண்ணை அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்புவதற்குள் எங்கள் படத்தின் கருப்பொருளைக் கேட்பாரற்ற பொதி என்று ஒலிபெருக்கி அறிவித்துவிட்டது. எல்லோரையும் தெருவுக்கு இறக்கினார்கள். நான் கூட்டத்தில் வாய் திறக்காதவள் என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் அதிகாரியிடம் போனேன். பெட்டி யாருடையது? சித்தப்பாவுடையது. அவர் எங்கே? கனடாவில். உள்ளே என்ன? தெரியாது. பூட்டியிருக்கிறதா? ஓம், ஒன்பது வருஷமாக. எல்லாம் உண்மை. ஒவ்வோர் உண்மைக்கும் அவர் ஓரடி பின்னால் போனார். பிறகு போலீஸ் மோப்பநாய் போய் மோந்தது, தும்மியது, அப்படியே உட்கார்ந்துவிட்டது. அது உட்கார்ந்தால் பெட்டியின் கதை முடிந்ததாம்.

குண்டு அகற்றுபவர்கள் வந்து பெட்டியை வெடிக்கவைத்தபோது பெரிய சத்தமில்லை. சிவப்பாக ஒரு புகை எழுந்து, பாலத்திலிருந்து தெருவுக்கு இறங்கி, காவலர் கடைக்காரர் என்று பாராமல் எல்லோரையும் தும்மவைத்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கட மிளகாய்த்தூள்தான். நல்ல பதமா வறுத்திருக்கினம்" என்றார். திரும்பி வந்த பாலச்சந்திரன் அண்ணை தாரைதாரையாகக் கண்ணீர் விட்டதுதான் படத்தில் அவருடைய மிகச் சிறந்த நடிப்பு.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் எடுத்து, எங்களைச் சுகம் கேட்க முன்னமே "பெட்டி இருக்கோ?" என்று கேட்பீர்கள். உள்ளே கடிதங்களா, படங்களா என்று சின்ன வயதிலிருந்து ஊகித்துக்கொண்டிருந்தேன். வரும் தைக்கு நான் என்ன பதில் சொல்வேன், சித்தப்பா?

உங்கள் முழங்கால் குணமாகவும், மனம் அதற்கு முன்பே இளகவும் வேண்டிக்கொண்டு,

சுபாங்கி

பி.கு.: உறையை ஒட்டுமுன் மனம் கேட்காமல் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவர் என்னை அறைக்குக் கூட்டிப்போய், அலுமாரிக்கு மேலிருந்த போர்வையை இழுத்தார். உங்கள் பெட்டி.

"தம்பியின்ரை பெட்டியைப் படத்துக்குக் குடுப்பனே? அது என்ரை பெட்டி. ரெண்டும் ஒரே கடையிலை வாங்கினது. படம் முடிய பாலச்சந்திரன் பியர்ஃபித்திலை இருக்கிற தன்ரை வீட்டுக்குத்தானே திரும்பிப் போவார், அங்கை இருக்கிற சனத்துக்குக் குடுக்கட்டும் எண்டு தூளும் வைச்சு விட்டன், உனக்குச் சொல்லத்தான் மறந்துபோனன். வெறும் பெட்டியை ஆரும் வெளியாலை விடுவினமே?"

பூட்டிய பெட்டிக்குள் தூள் எப்படிப் போனது என்று, பெட்டிக்குப் பொறுப்பான நான் யோசிக்கவே இல்லை.

உங்கள் பெட்டியை இறக்கக் கையை நீட்டினேன். சித்தப்பா, அது ஒரு கையிலேயே வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார் அம்மா. "திரும்பி வாறதுக்கு ஒரு சாட்டு வேணுமெண்டு விட்டிட்டுப் போயிருக்கிறார். திறப்பைக் கொண்டு வரச் சொல்லு. வெறும் பெட்டியோடை நான் அவரை அனுப்பமாட்டன்."