ஆமைப்பாறையைச் சுற்றிய அவரை

ஆறரைக் கடலுக்கு அப்பால் தூரபுரி என்றொரு தீவு. ஏழாவது கடலில் பாதியை யாரோ ஏற்கெனவே விலைக்கு வாங்கியிருந்தார்கள்.

அங்கே கப்பலில் வந்ததைத்தான் தின்னலாம். உள்ளூரில் விளைந்ததைத் தின்பது அரசத் துரோகம். தோட்டங்களைப் பிடுங்கி எறிந்தாயிற்று. ஒளித்து வளர்ப்பவர்களைக் கண்டுபிடிக்க இன்னொரு சட்டமும் வந்தது: வீட்டுக்கு வீடு தினமும் கப்பல் சரக்கைச் சுற்றிவந்த உறைக் குப்பை ஒரு கூடை வாசலில் இருக்க வேண்டும். எடை குறைந்த மூன்று வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவர்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் படிவமும் கப்பலில்தான் வரவேண்டும்.

கப்பல் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. சட்டம் மட்டும் பட்டினி கிடக்கவில்லை. ஆகவே தெரு முழுவதும் ஒரே பழைய குப்பைதான், குப்பையை நிறுக்க வரும் எடைக்காரருக்கு ஒரு வீடு முன்னால், கொல்லைப்புறமாக ஓடிக்கொண்டிருந்தது.

"வடிவு, இந்தா பிடி. கிழியாத பையை மேலே வை, புதுசுன்னு நினைச்சுக்குவாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி சுவர்மேல் கூடையை நீட்டினாள்.

வடிவு அப்போதுதான் அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டிருந்தாள். குளியலறைக்குள் ஒரு கொடி. கூரை ஓட்டைவழி வெயில். நான்கு வயது மகள் அல்லிக்கு இன்னும் மூச்சிருந்தது அதனால்தான். அவசரத்தில் விரலில் ஒட்டிய நார் கூடைக்குள் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

எடைக்காரர் கவனித்தார். இரண்டு விரலால் தூக்கினார்.

"எந்த நாட்டுச் சரக்கு இது?"

"நூலுங்கய்யா."

"நூலு வாசனை அடிக்குமா?"

அவர் தெருவை இருபுறமும் பார்த்தார். நாரை வாயில் போட்டு மென்றார்.

"எம்புள்ளையும் மூணு நாளா சாப்பிடலம்மா. ஒரு பிடி குடு."

கொடுத்தாள். தன்னைப்போலவே பயந்த மனிதர் என்று நம்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அமைச்சர் மேளதாளத்துடன் வந்தார்.

"அஞ்சற்க, பெண்ணே. அரசு உன்னைத் தண்டிக்காது, முன்னேற்றும்."

காவலர்கள் கொடியை மொட்டையடித்தார்கள், பிஞ்சுகூட மிஞ்சவில்லை.

"ஒரு பிடி விட்டுட்டுப் போங்கய்யா. புள்ளையால நிக்க முடியல."

"உள்ளூர்க் காயையா? படகில் ஏற்றி ஆமைப்பாறையைச் சுற்றிக் கொண்டுவருவோம். கரை இறங்கியதும் அது இறக்குமதி. நீயே முதலாவதாக வாங்கிக்கொள்."

ஊரே கடற்கரையில் கூடியது. படகு பாறையை நெருங்கியது. வடிவு மகளைத் தூக்கிக் காட்டினாள்.

"அதோ பாரு, இப்பத் திரும்பும்."

படகு பாறையைத் தாண்டியது. திரும்பவில்லை. இன்னும் சிறிதாயிற்று.

அமைச்சர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"அக்கரையில் நல்ல விலை கிடைத்துவிட்டது. நாம் ஏற்றுமதி நாடாகிவிட்டோம். கைதட்டுங்கள்."

எல்லோரும் தட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரை எழுதியபடி எடைக்காரர் வரிசையாக வந்துகொண்டிருந்தார். வடிவின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

இரண்டு கையும் வேண்டியிருந்ததால், வடிவு பிள்ளையை மணலில் இறக்கினாள். அது அப்படியே சாய்ந்தது.

"அம்மா, திரும்பிடுச்சா?"

வடிவு தட்டிக்கொண்டே இருந்தாள்.